வெள்ளம் ஏறிய மட்டம்

தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஊர்க் குளம் பெருகி வந்த வெள்ளத்தில் இரஞ்சிதத்தின் வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது. "இதுக்கு ஆர் நிவாரணம் தருவினம்? சுவரில நெஞ்சு மட்டத்துக்குச் சேத்தைப் பூசிவிடு தங்கச்சி" என்று சொன்னவன் நான்தான். என் வாய் எப்போதும் நீளம். நிவாரணத்துக்குக் கூட்டிச் சொல்வதை ஸ்கந்தபுரத்தில் யாரும் பாவமாக எண்ணுவதில்லை.

"பொய்யில்லீங்களா, கனகலிங்கம் அண்ணே?" என்று கேட்டாள். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வந்து, பதினாறு வருடமாக இந்தக் காணியில் கிடப்பவள். புருசன் செத்து நான்கு மாதம். அரசாங்கத்தின் காணிப் பெர்மிட் மட்டும் கைக்கு வந்தால் பிள்ளைகளை இனி யாரும் குடியெழுப்ப முடியாது என்பதே அவளுடைய ஒரே கதை. பயந்து பயந்துதான் பூசினாள்.

தைப்பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் சுவர் மெழுகி வெள்ளை அடித்தோம். புருசன் செத்து வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியாத வீடு என்பதால் அவள் மட்டும் சுவரில் கை வைக்கவில்லை.

மாசியில் காணி அளக்கும் அளவுகாரர்கள் வந்தார்கள். நிவாரணம் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம், மடையர்கள். ஊரெல்லாம் தேடி, அடையாளம் மிஞ்சியிருந்த அந்த ஒரே சுவரில் மட்டம் எடுத்துப் போனார்கள். சித்திரையில் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் வீட்டில் வரைபடம் ஒட்டினார்கள். வெள்ளம் ஏறிய மட்டத்துக்குக் கீழுள்ள காணி இனிக் குளத்துக்குச் சேர்ந்ததாம், அதற்குப் பெர்மிட் கிடையாதாம். இந்தத் தட்டை நிலத்தில் மட்டம் இரண்டடி கூடினால் என்ன மிஞ்சும்? பதினெட்டு வீடுகள் கோட்டுக்குள் போயின, என்னுடையதும் சேர்த்து.

இரஞ்சிதம் காணிக் கந்தோர் அதிகாரியிடம் ஓடினாள். "ஐயா, அது நான் பூசின சேறுங்க. தண்ணி அங்க வரலைங்க."

"காணி போகுதெண்டால் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். கையெழுத்து வைச்சாச்சு, போங்கோ" என்றார் அவர்.

அவள் சொன்னது ஊருக்குத் தெரியவர, மறுநாள் கோவிலடியில் எல்லோரும் கூடினோம். அயல்வீட்டுச் சிவனேஸ்வரி அவளுடைய தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். "ஆரடி உனக்கு இந்தப் புத்தி சொன்னது?"

இரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று நம்பினாள்.

பாவி நான், எழும்பி நின்றேன். "தோட்டத்துச் சனத்தை ஊருக்குள்ள விட்டால் இப்பிடித்தான்" என்றேன்.

எங்களைக் குடியெழுப்ப அரசாங்கம் மூன்று மாதத் தவணை தந்திருந்தது. அவளையும் பிள்ளைகளையும் அன்று பின்னேரமே நாங்கள் எழுப்பினோம்.