எதிர்த்தரப்பு

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போவதென்றால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். பேசுவதிலும் கேட்பதிலும் லில்லி தேறிவிட்டாள். கட்டுரைதான் இரண்டு முறை காலை வாரிவிட்டது. அதனால் ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட் முடிந்ததும் ஏனாத்தூர் பக்கம் நடந்த பயிற்சி வகுப்புக்கு பஸ் பிடித்துப் போனாள். முக்கால்வாசிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். நாற்பதை நெருங்கியவள் அவள் ஒருத்திதான்.

"ஹவ்எவர்", "அட்மிட்டட்லி", "நெவர்தலெஸ்" என்று வாதாடப் பயன்படும் சொற்களை உதயகுமார் சார் பலகையில் எழுதிப் போட்டார். மருந்துப் பெயர்களை உருப்போட்டதைப் போலவே லில்லி அவற்றையும் உருப்போட்டாள். ஆனாலும் 'வேலைக்காக வெளிநாடு போவது நல்லதா?' என்ற அவளுடைய கட்டுரை சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது.

"வார்த்தையெல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க மேடம். எதிர்த்தரப்பே இல்லையே? வேணாம்னு சொல்றவங்க பேச்ச முழுசா சொல்லிட்டு அப்புறம் மறுக்கணும். அப்பதான் படிக்கிறவங்க நம்புவாங்க. வீட்ல யாராச்சும் போவாதன்னு சொல்லியிருப்பாங்க இல்ல? அதையே எழுதுங்க."

லில்லி யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

பிள்ளையார்பாளையத்து மாடி அறைக்குத் திரும்பியதும் வந்தவாசியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் போவக் கூடாதுன்னா நீ இன்னா காரணம் சொல்லுவ?"

"எதுக்கு போவக் கூடாது? நல்ல சான்ஸும்மா. கண்ண மூடிக்கினு கிளம்பு." பின்னால் டிவி இரைந்தது. "சாப்ட்டியா? சரி, வெச்சிடறேன்."

காயப்போட்ட துணியை எடுக்க வந்த வீட்டுக்காரம்மா கங்கையம்மாளிடமும் கேட்டாள்.

"போறதுன்னா முன்கூட்டியே சொல்லிடும்மா. ரூமுக்கு ஆளு கேட்டுக்கினு இருக்குது."

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். கீழ்வீட்டுத் தறிச் சத்தம் அடங்கியதும், சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். அம்மா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

'ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறாய். அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை நான் யாரோடு சர்ச்சுக்குப் போவேன்?'

ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது. கீழே 'நெவர்தலெஸ்' என்று எழுதினாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை. மறுப்பை மறுநாள் பஸ்ஸில்தான் எழுதி முடித்தாள்.

சார் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் திரிஷா, "உங்கம்மா சொன்னதா அக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆமா." பொய் தானாக வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் திரிஷா விசாரித்தாள். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேசாமல் இருக்கிறாள், பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்துவிட்டாள் என்று லில்லி சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல மனதுக்கு இதமாக இருந்தது.

தேர்வில் வந்த தலைப்பு நகரப் போக்குவரத்தைப் பற்றியது. இரு தரப்பையும் நிதானமாக எழுதினாள். வேண்டிய மதிப்பெண் கிடைத்தது. அண்ணன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான்.

சாரிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவளை வாசலிலேயே திரிஷா பிடித்துக்கொண்டாள். "இப்பவாச்சும் அம்மா சரின்னாங்களா அக்கா?"

"எங்க? அழுதுக்கினே இருக்காங்க" என்றாள் லில்லி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண் நிறைந்துவிட்டது.

"அய்யோ, அழாதீங்கக்கா. அம்மாங்கன்னா அப்டித்தான். போயி டெய்லி வீடியோ கால் பண்ணுங்க."

லில்லி தலையாட்டினாள். பஸ் வரும்வரை திரிஷா அவள் கையை விடவில்லை.