மாப்பிள்ளை டயர்

மயூரா கார் எஃப்சியில் ஃபெயில் ஆகவே ஆகாது. எங்கள் ஊரில் பழைய கார் வாங்கக் கிளம்புகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாடகைக்கு ஓடுகிற வண்டி எட்டு வயது தாண்டிவிட்டால், ரோட்டில் ஓட லாயக்கா என்று வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்சி வாங்க வேண்டும். மற்ற வண்டிகள் அதற்கு இரண்டு தடவை, மூன்று தடவை அலையும். மயூரா மட்டும் போன காலோடு பாஸ் ஆகித் திரும்பும். வாடகைக் கார் முதலாளி அருணகிரியின் ஆறு வண்டிகளும் மயூராதான். எல்லாம் சென்னையில் ஓடித் தேய்ந்த பிறகு அவர் வாங்கி வந்தவை.

அந்தப் பெருமையின் ரகசியம் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கு போட்டு மூடிக்கிடந்தது. ரிம்மோடு நாலு நல்ல டயர். ஆறு வண்டிக்கும் அந்த நாலுதான். எந்த வண்டிக்கு எஃப்சியோ அதற்கு முதல் நாள் டிரைவர் வந்து, தேய்ந்த டயர்களைக் கழற்றி எங்கள் வீட்டில் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டு போவான். பாஸ் ஆனதும் திரும்ப வந்து மாற்றிக்கொள்வான். கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்ததால் நான்தான் அதற்கு மாப்பிள்ளை டயர் என்று பெயர் வைத்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இன்று என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாட்டுவதும் கழற்றுவதும் பெரும்பாலும் அருணகிரியிடம் டிரைவராக இருக்கிற என் வீட்டுக்காரர் அன்பரசன். கருகருவென்று தெரிய முதல் நாளே தேங்காய் எண்ணெய் தேய்த்து வைப்பது நான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஐந்தாம் வகுப்பில் இருந்த எங்கள் பெண் கவிநிலா, சிவப்பு நெயில் பாலீஷால் ஒரு டயரின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்குத் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டாள். அவர் பெட்ரோல் போட்டுத் துடைத்தார். பாதிதான் போனது. அருணகிரி அதைக் கவனிக்கவே இல்லை. டயரைக் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது?

போன வியாழக்கிழமை சாயங்காலம், ஆசிரமத்துக்கு எதிரே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாவை இறக்கிவிட்டுவிட்டு இவர் அடி அண்ணாமலை வழியாக வந்துகொண்டிருந்தார். தூறல். கிரிவலப் பாதையில் ஒரு குடும்பம் திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் சறுக்கிக்கொண்டே போய், ஓரத்தில் இளநீர்க் கடை போட்டிருந்த ஆதிலட்சுமி அம்மாளின் தள்ளுவண்டியில் மோதியது. அந்த அம்மாளுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இவருக்கு நெற்றியில் ஏழு தையல்.

அந்த வண்டி எஃப்சி பாஸ் ஆகிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதை எந்த டயரில் பாஸ் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அருணகிரி ஒரு பை சாத்துக்குடியோடு வந்து உட்கார்ந்தார். வண்டியைத் தன் ஷெட்டிலேயே நிறுத்தி வைக்கப் போலீஸில் சொல்லியிருக்கிறார்களாம். திங்கட்கிழமை காலையில் எஃப்சி மைதானத்துக்கு எடுத்துப்போனால் இன்ஸ்பெக்டர் பார்த்து, வண்டியில் கோளாறு இருந்ததா என்று எழுதித் தருவாராம். அதெல்லாம் சும்மா, மயூராவில் என்ன கோளாறு இருக்கப் போகிறது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணு அசந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடு அன்பு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பதினாறு வருஷமாக ராத்திரி பகல் பாராமல் சென்னை ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டியவர் இவர். பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றே பெயர் சொல்லிக் கேட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவரைப் பார்த்துத் தூங்கினேன் என்று எழுதச் சொல்கிறார். அதோடு அவர் லைசென்ஸும் போகும், பெயரும் போகும். இவரோ தரையைப் பார்த்துக்கொண்டு சரிங்க என்றார். எனக்கு அருணகிரி மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சரிங்க மேல் வந்த கோபம் ஜாஸ்தி.

அருணகிரி போனதும் இவரிடம் கேட்டேன். உண்மையைச் சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். நெற்றித் தையலைத் தொட்டுக்கொண்டே இவர் சொன்னார்.

"இன்னானு சொல்லச் சொல்ற சரசு? டயர் மொட்டைனு சொன்னா, எப்படி பாஸ் ஆச்சுனு கேப்பாங்க. நான்தானே மாட்டினேன்."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. அன்று ராத்திரி அடுப்படியில் பாத்திரங்கள்தான் பாவம்.

சனிக்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆதிலட்சுமி அம்மாள் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். திட்டுவாள், வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். அவள் திட்டவில்லை. யாரோ வந்து டிரைவர் தூங்கிவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதுதான் அவளுக்குப் புரியவில்லையாம்.

"நான் பாத்துனுதாம்மா இருந்தேன். கண்ணு நல்லா முழிச்சினு இருந்தாரு. பிரேக்க அமுக்கிட்டு, நவுரு நவுருனு கத்தினாரு. வண்டிதான் நிக்கல."

கால் முறிந்து கிடக்கிறவளுக்கு இருக்கிற நியாயம்கூட எங்கள் வீட்டில் இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோது கையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. அன்று காலை தலைக்குத் தேய்த்த எண்ணெய்தான். ஆனாலும் கையைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறிவுச்செல்வன் வந்தான். அவனும் அருணகிரியிடம் மயூரா ஓட்டுகிறவன், என்னை அண்ணி என்று கூப்பிடுகிறவன். ஆட்டோவில் நாலு சக்கரத்தோடு வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமலே, மொதலாளி செட்டை வாங்கிவரச் சொன்னார் என்றான். எதற்கு என்றேன். சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான். அடிபட்ட வண்டிக்குத்தான்.

ஒரு பெண்பிள்ளையின் காலை முறித்துவிட்டு வந்து நிற்கிற வண்டிக்கும் மாப்பிள்ளை வேஷம். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. எடுத்த எடுப்பில் கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். அப்போதுதான் அவன் ஆட்டோவிலிருந்து இறக்கி வைப்பதைப் பார்த்தேன். நல்லதை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை எங்கள் வீட்டில் போடுவது வழக்கம் அல்லவா. அந்த வழக்கம் மாறாமல், வியாழக்கிழமை ஓடிய அதே நாலு டயர்களையும் மாடிப்படிக்கு அடியில் அடுக்கினான். நாலும் மொட்டை. ரோட்டைப் பிடிக்கிற பட்டன் என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. ஒன்றின் ரிம் இடுக்கில் இளநீர் மட்டையின் நார் சிக்கியிருந்தது.

கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, எப்போதும் போல நாலு டயருக்கும் எண்ணெய் தேய்த்துக் கொடுத்தேன். கவிநிலாவின் எழுத்து இருந்த இடத்தை மட்டும் எண்ணெய் படாமல் துணியால் நன்றாகத் துடைத்து வைத்தேன். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த இவர், நானும் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அருணகிரி வந்து இவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இவர் சட்டைப் பையில், கண் அசந்துவிட்டேன் என்று எழுதிய அந்தக் கடிதம் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் ஒரு ஆட்டோவைப் பிடித்து, நார் சிக்கியிருந்த டயரை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மைதானத்தில் எஃப்சிக்கு வந்த வண்டிகள் வரிசையில் நின்றன. அதில் மூன்று மயூரா, வேறு முதலாளிகளுடையவை. அடிபட்ட வண்டி தனியாக நின்றது. முன்பக்கம் நசுங்கி, ஹெட்லைட் தொங்கி, காலில் மட்டும் புது மாப்பிள்ளையாக. இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கியிருந்தார். நான் என் டயரை உருட்டிக்கொண்டே நேரே போய் அவர் காலடியில் போட்டேன்.

"வியாழக்கெழம ஓடினது இந்த டயர் சார். அதுல மாட்டியிருக்கறது என் வீட்டு டயர்."

அருணகிரி ஓடி வந்தார். புருஷனுக்கு அடிபட்டதில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார். இன்ஸ்பெக்டரும், பழைய டயரை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம் அம்மா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் முன்சக்கரத்தைக் காட்டினேன். அந்தச் சிவப்பு எழுத்து என் பெண் எழுதியது, பாஸ் ஆன வண்டிகளைப் படம் எடுத்து வைத்திருப்பீர்களே, எடுத்துப் பாருங்கள் என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தேடினார். போன மாசத்து மயூரா. அதை விரலால் பெரிதாக்கினார். அதற்கு முந்தின மயூரா. போன வருஷத்தது. நானும் எட்டிப் பார்த்தேன். படத்துக்குப் படம் நம்பர் பிளேட் மாறியது, முன்சக்கரம் மாறவில்லை. எல்லாவற்றிலும் என் பெண்ணின் அரைகுறை 'க'. அவர் முகம் கறுத்துவிட்டது.

"யாரு மாட்டினது இத?" என்றார்.

அருணகிரிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்த அன்பரசன் பயல்தான் சார், வண்டியை நம்பிக் கொடுத்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பதினாறு வருஷத்தை ஒரே வாக்கியத்தில் கை கழுவினார். இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"நான்தான் சார் மாட்டினேன். நாலு வருஷமா நான்தான். மாட்டச் சொன்னது இவரு. எனக்கு இன்னா தண்டனையோ குடுங்க. ஆனா நான் தூங்கல சார்."

என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். நெற்றித் தையலுக்குக் கீழே கண் சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் எதற்கு என்றார்.

"எண்ணெய் தேச்சது நான் சார்" என்றேன்.

எழுதி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்து, அடுத்த வண்டி என்று கூப்பிட்டார். வரிசையில் நின்ற மூன்று மயூராக்களும் ஒன்றன் பின் ஒன்றாக ரிவர்ஸ் எடுத்து, கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.