வாசனை தெரியாத காலை

கொள்ளைநோய் வார்டு நர்ஸ், உடை மாற்றும் அறையில் சானிடைசர் தேய்த்த கையை முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை. அது எதன் அறிகுறி என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். நேற்று மகள் அவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

வாசலிலேயே நின்று தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். "அக்கா, கிட்ட வராதீங்க. எனக்கு வாசனை தெரியல."

"ஐயோ, இன்னிக்கு ஆளே இல்லையேடி!" என்ற அக்கா, சட்டென்று குரலைத் தணித்தாள். "நல்லவேளை, சொன்னே. போய் டெஸ்ட் எடு."

நோய் உறுதியானது. வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாள். மகளுக்கு ஒன்றுமில்லை என்று கணவன் போனில் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

பக்கத்துப் படுக்கை டீச்சர் கேட்டார்: "இந்த வேலையே வேண்டாம்னு தோணலையா?"

"தோணுது டீச்சர். ஆனா உங்க டிரிப் தீரப்போகுதே, பார்த்துட்டுச் சும்மா படுத்திருக்க முடியல," என்று அழைப்பு மணியை அழுத்தினாள்.