சிவப்பு வளையம்

எனக்குக் கணக்கு தெரியும், காப்பி தெரியாது. அந்தத் திமிருக்கு விழுந்த அடிதான் இது.

தலைச்சோலையில் எங்கள் கம்பெனியின் ஆராய்ச்சித் தோட்டம். தண்டு துளைக்கும் பூச்சியை எதிர்த்து நின்ற காப்பிச் செடிகள் அங்கே நாற்பது இருந்தன. ஒன்பது வருடமாக அவற்றைக் காத்தவர் மாதையன். அவருடைய சொந்த இரண்டு ஏக்கர் காப்பியைப் பூச்சி முழுசாகத் தின்றிருந்தது. முதல் விதை அவருக்குத்தான் என்று பேச்சு. இன்னும் ஒரு மாதத்தில் பழம் பழுத்துவிடும்.

அந்த ஒன்பது வருடச் செலவை வருடா வருடம் செலவாகவே எழுதித் தீர்த்திருந்தோம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் செடிகளின் மதிப்பு பூஜ்யம். எங்கள் கம்பெனியை வாங்கிய பெங்களூர்க்காரர்கள் அதே செடிகளை, பாதியில் இருக்கும் ஆராய்ச்சி என்று, நாலு கோடி ரூபாய்ச் சொத்தாக ஏற்றினார்கள். வாங்கியவர் கணக்கில் அப்படித்தான் எழுத வேண்டும். அந்த நாலு கோடியைக் கண்ணால் பார்க்க ஆடிட்டர் வருவதாக இருந்தது. அவருக்குச் சட்டென்று தெரியட்டுமே என்று நாற்பது தண்டிலும் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் சிவப்பு வளையம் என்றால் பூச்சி விழுந்த செடி. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் மாதையன் சேலம் போயிருந்தார். வாழவந்தியிலிருந்து களையெடுக்க வந்த ஆட்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மதிய பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கிய மாதையன் புகையைப் பார்த்து ஓடினார். ஆபீஸிலிருந்து நானும் பின்னால் ஓடினேன். ஆட்களின் தலைவன் மணிகண்டன் கடைசிச் செடியை நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தான். மாதையன் மண்வெட்டியைப் பிடுங்கி அதன் காம்பால் அவன் முகத்தில் அடித்தார். பல் தெறித்தது. விழுந்தவனை விடவில்லை. விலாவில், முழங்காலில், மறுபடி விலாவில். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, வளையம் போட்டிருந்துச்சுங்க! வளையம் இருந்தா எரிக்கறதுதானுங்களே!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே மணிகண்டன் கத்தினான்.

மாதையனின் கை நின்றது. "எவன்டா போட்டது?"

ஓடியிருக்கலாம். என் ஸ்கூட்டர் கேட்டருகில்தான் நின்றது. மணிகண்டனின் வாயைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தாண்ணா."

"நீயா, அம்மணி?"

அழுதுகொண்டேதான் காம்பை ஓங்கினார். தடுத்த என் வலது கை இரண்டாக மடிந்தது.

போலீஸ் கேட்டபோது கல்லில் விழுந்துவிட்டேன் என்றேன். மணிகண்டன் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, சொல்லவுமில்லை. மாதையன் இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறார்.

ஆடிட்டர் வந்து சாம்பலைப் பார்த்தார். நாலு கோடியையும் மொத்தமாக நஷ்டத்தில் எழுதச் சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் பூச்சித் தாக்குதல் என்று போட்டுவிடு சசிரேகா என்றார் மேனேஜர்.

இடது கையால் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. "பெயிண்ட் அடித்தது சசிரேகா."