அண்ணன்காரர் குறைத்த விலை

பழைய கார்களுக்கு விலை சொல்வது என் பிழைப்பு. நான் விற்பதில்லை, வாங்குவதில்லை. பார்த்து, தட்டி, அடியில் படுத்துப் புரண்டு, "இது இவ்வளவு பெறும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆம்பளைகள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், உண்மையான ஆள் பின்னாடி வருகிறாரா என்று.

இந்த வீட்டு அண்ணன்காரரும் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா?"

"சார் வீட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காரு. காரை நான்தான் பாக்கணும்."

அவர் முகத்தில் உடனே ஒரு நிம்மதி. பொம்பளைதானே, சுலபமாகத் தலையில் மிளகாய் அரைத்துவிடலாம் என்ற நிம்மதி. எனக்கு அது பழகிப்போனதுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். பல் டாக்டர் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விட்டுப்போனது ஒரு வீடு, ஒரு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பிள்ளைகள். மகன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மகள் கடைசி வரை அப்பாவோடு இருந்தவள். வீட்டின் முன் அறையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். வக்கீல் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள்: கார் அண்ணனுக்கு, வீடு தங்கைக்கு. எதன் மதிப்பு அதிகமோ, அதை எடுத்துக்கொண்டவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வேறொருவர் எண்பது லட்சம் என்று எழுதிவிட்டார். காருக்கு நான் எழுதுவதே முடிவு, பிறகு யாரும் பேச்சு மாறக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் சொன்னதே அண்ணன்காரர்தான் என்று வக்கீல் எனக்குப் போனில் சொல்லியிருந்தார்.

ஷெட்டுக்குப் போகும் வழியிலேயே அவர் ஆரம்பித்தார்.

"பத்து லட்சம் தேறினாலே பெருசு, மேடம். வெறும் தகரம். அப்பா ஞாபகமா இருக்கட்டுமேன்னுதான் நான் எடுத்துக்கறேன்."

பாசம் பொங்கி வழிந்தது. தங்கை பின்னாலேயே வந்தாள். கார் பத்து லட்சம் என்று நான் எழுதினால் அவள் அண்ணனுக்கு முப்பத்தைந்து லட்சம் கொடுக்க வேண்டும். கண்ணாடி விற்று முப்பத்தைந்து லட்சம் சேர்க்க ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை மங்க வேண்டும். வேறு வழி, வீட்டை விற்பது. கடையும் வீடும் ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒரே நாளில் போகும். அவள் கைகள் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தன.

ஷெட் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு சீட் கார் ஒன்று, மங்கிய பச்சையில், பரிதாபத்துக்கென்றே நின்றது. அந்த மாடலில் கம்பெனி மொத்தமே நூற்றுப் பதினெட்டுதான் செய்தது. ஆனால் என் தொழிலில் முகம் மாறவே கூடாது, அதனால் கொட்டாவி விட்டேன்.

"பாத்தீங்களா, வீல் எல்லாம் துரு," என்றார் அவர். "சீட்டு கிழிஞ்சு கிடக்கு. ரேடியோ கிடையாது. பெயிண்ட் இருக்கிற லட்சணத்தப் பாருங்க."

அக்கறையாகத் தூசியும் போட்டிருந்தார். நிஜத் தூசி மேலேதான் படியும், பக்கவாட்டில் நிற்காது. இவர் போட்டது கதவு, கண்ணாடி, வீல் எல்லாவற்றிலும் ஒரே கனத்தில், பவுடர் பூசிய மாதிரி இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சிமெண்ட். ஒரு மனுஷன் காருக்கு மேக்கப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நாளா இப்படி நிக்குது?"

"வருஷக்கணக்கா, மேடம். யாரும் தொடறதே இல்ல."

தங்கை வாய் திறந்தாள். "மூணு வாரமா அண்ணன் இங்கதான் கிடந்தாரு. நிறமே மாறிடுச்சு. அப்பா இருந்தப்ப சிவப்பா இருந்தது, அக்கா."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன்.

சும்மா இருக்க வேண்டியவள் அவள் இல்லை என்று எனக்குப் பட்டது. "அப்பா எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். செல்போனில் காட்டினாள். பளபளக்கும் சிவப்பு, கண்ணைக் கூச வைக்கும் புது வீல்கள், சோபா மாதிரி சீட்டு, டி.வி. அளவுக்கு ஒரு ரேடியோ. அவள் சொன்னபடி, டாக்டருக்கு வயதாக ஆக முதுகு வலி, அதனால் சௌகரியமாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். கழற்றியதை எறியவும் மனசு வராமல் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அந்தச் சிவப்பு கூடப் பெயிண்ட் இல்லை, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. என்ஜின் நம்பரும் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்த நம்பரும் ஒத்துப்போயின. ஒவ்வொரு வீலின் உள்பக்கமும் கம்பெனி முத்திரை இருந்தது. கிழிந்த சீட்டுக்கு அடியில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரன் சாக்பீஸில் எழுதிய எண் கூட அழியாமல் இருந்தது. ஸ்க்ரூ தலைகளில் மட்டும் புதுக் கீறல்கள். அடியில் படுத்தபடியே சிரித்துவிட்டேன். சிமெண்ட் மூக்கில் ஏறித் தும்மலும் வந்தது.

அண்ணன்காரர் என்ன செய்திருக்கிறார் என்றால், கார் கேவலமாகத் தெரிய வேண்டும் என்று, அப்பா போட்ட புதுச் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பரணில் இருந்த பழையதை எல்லாம் தேடித்தேடி எடுத்து, அதனதன் இடத்தில், ஒரு நட்டு குறையாமல் மாட்டியிருக்கிறார். சிவப்பு உறையையும் உரித்துவிட்டார். உறைக்கு அடியில் கம்பெனி அடித்த பச்சை அத்தனை வருஷமும் பத்திரமாக இருந்திருக்கிறது. இந்த வேலைக்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் முடிக்க மாட்டார்கள், கேட்கும் கூலியில் மயக்கம் வரும். இவர் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்ததும் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"பாத்து எழுதுங்க, மேடம். உங்கள நான் தனியா கவனிச்சுக்கறேன்."

"கவனிக்கிறதுக்கு எனக்கு என்ன, காய்ச்சலா?" என்று சொல்லிவிட்டு, அவர் தங்கை நிற்கும் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"நல்ல பழுதில்லாத என்ஜின். எல்லாச் சாமானும் கம்பெனி போட்டது. பெயிண்ட் கம்பெனி அடிச்சது. மதிப்பு, ஒரு கோடி."

அண்ணன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"துரு புடிச்சிருக்கே மேடம்."

"துரு அசல் துரு, சார். இந்த மாதிரி அபூர்வ வண்டிக்கு அசலுக்குத்தான் விலை. போன மாசம் நான் வந்திருந்தா, அந்தச் சிவப்பையும் சோபாவையும் பாத்துட்டு அம்பது லட்சத்துக்கு மேல ஒரு பைசா எழுதியிருக்க மாட்டேன். மிச்சம் அம்பது உங்க கைவேலை. தூசிய மட்டும் கழுவிடுங்க, அது சிமெண்ட்."

தங்கை விரல் விட்டு எண்ணினாள். கார் நூறு, வீடு எண்பது. கொடுக்க வேண்டியது அவள் இல்லை, அண்ணன், பத்து லட்சம். அவள் மெல்லச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வீடு தங்கிவிட்டது என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் பேனாவுக்கு மூடி தேடினேன்.

அப்போதுதான் அண்ணன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"காரை அம்பதுக்கு விக்கறதா எழுதிக் குடுத்து அட்வான்ஸும் வாங்கிட்டேனே. போன மாசமே. பரண்ல இருக்கிற குப்பையையும் சேத்து எழுதுங்கன்னான் வாங்கறவன். தொலையட்டும்னு எழுதினேன்."

வாங்கியவனுக்குக் கார் தெரிந்திருக்கிறது. தங்கை அண்ணனையே பார்த்தாள்.

"பத்து கூடத் தேறாதுன்னு என்கிட்ட சொன்னியே, அண்ணா."

"அது வந்து... வித்ததும் உனக்கும் ஏதாவது செய்யலாம்னுதான்." குரலைத் தாழ்த்தினார், எல்.ஐ.சி. பாலிசி விற்கும் குரல். "இப்ப பாரு, எனக்குத்தான் நஷ்டம். அந்தப் பத்து லட்சத்த நீ விட்டுக்குடுத்துடேன். இல்லாட்டி மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கறேன். நீ என் தங்கச்சிதானே."

அவள் மனசு இளகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்துத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"வீடு போயிடும்னு மூணு வாரமா நான் தூங்கல," என்றாள். "நீ இங்க ஸ்க்ரூ திருகிட்டு இருந்த. வேலை செய்யறியேன்னு தினம் மத்தியானம் உனக்குச் சோறு கொண்டுவந்து குடுத்தேன்."

"கோவப்படாத..."

"கோவம் இல்ல. தவணை வேண்டாம்ணா, ஒரே தடவையா குடுத்துடு. மாசா மாசம் உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."