மெழுகேறிய துணி

மாஹிர் அந்தத் தோல் பையைக் காலையிலிருந்து கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். குதிரையின் இருபுறமும் தொங்கப் போகிற இரட்டைப் பை. ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும். சேணம் சரிந்தால் குதிரையின் முதுகு புண்ணாகும். தூக்கிப் பார்த்தான். இடது கனத்தது. இரும்புத் தோசைக்கல்லை வலதுக்கு மாற்றினான். இப்போது வலது கனத்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே பசுந்தாங் சந்தை தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

போன் அடித்தது. அய்யூப். டயர் கடைக்காரர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மிங்கலாடோன் லாயத்தில் குதிரை எடுத்து, ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்க் கூடாரம் அடிப்பவர். சட்டம் ஒன்றுதான்: நூறு வருஷத்துக்கு முன் இல்லாத எதுவும் பையில் இருக்கக் கூடாது.

"டார்ச் லைட் வச்சிருக்கியா? உண்மையச் சொல்லு."

"இல்ல, கோ அய்யூப்." அண்ணன் என்பதற்குப் பர்மியச் சொல் 'கோ'.

"போன தடவை இக்பால் ஷேவிங் கிரீமை ஒளிச்சுக் கொண்டாந்தான். பாதி வழியிலே தூக்கிப் போட்டுட்டேன்."

"கோவிச்சுக்கலையா?"

"கோவமும் தாடியுமாத்தான் திரும்பி வந்தான். பாத்திரத்தையெல்லாம் துணியில சுத்திட்டியா? கடகடன்னு சத்தம் கேட்டா குதிரை மிரளும். உன்னை ஏத்த மாட்டேன்."

"சுத்திட்டேன்."

"சாயங்காலம் அஸர் தொழுததும் லாரியோட வர்றேன்."

மாஹிருக்கு இதுதான் முதல் பயணம். மனைவி ஷிரின் டெங்குவில் இறந்துபோனதிலிருந்து அவனால் இந்த வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. கட்டிலில் தூக்கம் பிடிக்காதவன், வேறொரு மண்ணில் படுத்தாலாவது தூங்கலாம் என்றுதான் அய்யூபிடம் பேர் கொடுத்தான்.

படுக்கைச் சுருளை அவனே செய்திருந்தான். அலமாரியின் அடித்தட்டில் தையல் போடாத கெட்டி வெள்ளைப் பருத்தித் துணி மடித்தபடி கிடந்தது. திரைக்கு என்று ஷிரின் வாங்கி வைத்திருப்பாள் என்று எடுத்து வெட்டினான். தேன்மெழுகை ஆளிவிதை எண்ணெயில் உருக்கிப் பூசி, பால்கனியில் காயவைத்தான். இப்போது தண்ணீர் விட்டால் முத்து முத்தாக ஓடியது. வெட்டி மிஞ்சிய துண்டுகளில்தான் கெட்டிலையும் கோப்பையையும் கல்லையும் சுற்றியிருந்தான்.

கதவு தட்டும் சத்தம். மாமி. ஷிரினின் உம்மா ஃபக்ருன்னிசா. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி வந்து, மாடிப்படி ஏறிய இளைப்பில் நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, வீடு முழுக்க மாட்டுவண்டிச் சாமானா கிடக்கு?"

"குதிரைச் சாமான், மாமி."

"உங்க வாப்பா பைக் வாங்கிக் குடுத்தாரு. நீங்க காலத்துல பின்னாடி போறீங்க." நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கு பிளைட். மவன் பினாங்குக்கு டிக்கெட் போட்டுட்டான். இனிமே வர்றது அல்லா கையில. ஷிரின்கிட்ட குடுத்து வச்ச பொருள் ஒண்ணு இருக்கு. அத வாங்கிட்டுப் போக வந்தேன்."

"என்ன பொருள்?"

"என் கஃபன் துணி. மவுத்தானா உடம்பச் சுத்துறது. ஹஜ்ஜுக்குப் போனப்ப ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் காயவச்சுக் கொண்டாந்தது. எங்க வீட்டுக்குள்ளதான் வருஷா வருஷம் தண்ணி ஏறுதே. மாடி வீட்டுல பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தேன். அலமாரில அடித்தட்டுல வச்சிருக்கேன்னு சொன்னா."

மாஹிர் உள்ளே போனான். காலியென்று தெரிந்த தட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழே துணிக்கடையில் இதே வெள்ளை கிடைக்கும். பின்படியால் ஓடிப் போய் வாங்கி, மடித்துக் கொடுத்துவிடலாம். மாமிக்குத் தெரியாது. என்றோ ஒரு நாள் பினாங்கில் அவரை அதில் சுற்றுவார்கள். அப்போதும் அவருக்குத் தெரியாது. அந்த நினைப்புதான் அவனை நிறுத்தியது.

படுக்கைச் சுருளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான்.

"இதுதான் மாமி அது."

அவர் தடவிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"என்ன வாடை?"

"தேன்மெழுகு. மழைத் தண்ணி இறங்காம இருக்க."

"துவைச்சா போகுமா?"

"போகாது. யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. திரைத் துணின்னு நெனச்சேன்."

"திரைத் துணியை யாராவது அத்தர் தடவி வைப்பாங்களா?"

மின்விசிறி சுற்றியது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"மெழுகு படாம எதாச்சும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. பாத்திரத்துல சுத்தியிருக்கேன்."

"அவுத்துக் குடுங்க."

அவிழ்த்தான். கெட்டில், கோப்பை, கல், உப்பு டப்பா என்று ஒவ்வொன்றாகத் தரையில் சேர்ந்தது. மாமி துண்டுகளை மடியில் நீவினார். அகலமான ஒன்றை எடுத்துத் தலையில் வைத்து, இரு முனைகளையும் மார்பு வரை இழுத்து அளந்தார்.

"பொம்பளை கஃபன்ல தலைக்குன்னு தனியா ஒரு துண்டு உண்டு. அதுக்கு இது ஆகும். மத்ததுக்குக் கடைத் துணி போதும்."

மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு சுருளைக் காட்டினார்.

"இதுக்குள்ளயா படுக்கப் போறீங்க?"

"வேண்டாம்னா விட்டுட்டுப் போறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆமா, மாமி."

"படுங்க. ஆனா விடிஞ்சா எழுந்து வெளியே வந்துடணும். அதுக்குள்ளயே கிடக்கக் கூடாது."

"சரி."

"எனக்குப் போன் பண்ணி எழுந்துட்டேன்னு சொல்லணும்."

தலையை மட்டும் ஆட்டினான்.

அய்யூப் மேலே வந்தபோது சாமான்களெல்லாம் பைக்குள் திரும்பியிருந்தன. பையைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே கடகடத்தது.

"சுத்திட்டேன்னு சொன்னியே?"

"சுத்தியிருந்தேன். அவுத்துட்டேன்."

"இதோட உன்னைக் குதிரையில ஏத்த முடியாது."

மாஹிர் கெட்டிலை எடுத்து வெளியே வைத்தான். கல்லையும் கோப்பையையும் டப்பாவையும் வைத்தான். அரிசியும் வெங்காயமும் போர்வையும் மட்டும் மிஞ்சின.

"எதுல பொங்கித் திம்பே?"

"உங்க சட்டியில."

அய்யூப் அவனையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமியப் படகுத்துறையில இறக்கிவிட்டுட்டுப் போகலாமா, கோ அய்யூப்?"

"தாராளமா. நூறு வருஷத்துக்கு முந்தின ஆள்தானே. நம்ம சட்டத்துல இடம் இருக்கு."

"உங்க உம்மாவ விட நான் சின்னவ, அய்யூபு. வாய மூடிட்டு அந்தப் பையத் தூக்கு," என்றார் மாமி.

மாமி முன்னால் உட்கார்ந்தார். மாஹிர் பின்னால், சுருளை மடியில் வைத்துக்கொண்டு. படகுத்துறையில் லாரி நின்றது. இறங்கிய மாமி பின்பக்கம் வந்து, சுருளைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

"போங்க," என்றார்.