ஒரு பாட்டு நேரம்

சின்னவளின் விரல் ஆக்சிஜன் மெஷினின் சுவிட்ச்மேல் இருந்தது. அழுத்தத்தான் தைரியம் வரவில்லை.

“ஒரே ஒரு பாட்டும்மா,” என்றார் அப்பா. மூக்கில் குழாய், கண்ணில் கெஞ்சல். “இந்தச் சனியன் காதுகிட்ட எருமை மாதிரி மூச்சு விடுது. பாடுறவ என்ன பண்ணுவா, பாவம்!”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவான்ப்பா.”

“யாரு சொல்லப் போறா? நானா?”

இந்த நிலையிலும் நக்கலுக்குக் குறைச்சலில்லை. ஸ்பீக்கரை அரை விரற்கடை நகர்த்திவிட்டு அரை நாள் உட்கார்ந்து கேட்கிற மனுஷன். ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் போட்டு, எங்கோ ஓரத்தில் கேட்கும் இரைச்சலைத் துரத்தித் துரத்தியே ஆயுசைக் கழித்தவர். அவர் தலைமாட்டிலேயே இப்படி ஒன்று! அதைக் கொண்டுவந்து வைத்த அண்ணன் தினமும் போனில் சொல்வது ஒன்றுதான்: “எது வேணா பண்ணு, அதை மட்டும் அணைச்சிடாத.”

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் இசைத்தட்டில் முள்ளை இறக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

வீடே கப்சிப் என்றாகிவிட்டது. பாட்டு தொடங்கியது, அதை யார் கேட்டார்கள்? அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுகிறதா, இறங்குகிறதா? உதடு நீலம் பாய்கிற மாதிரி இருந்தது. இல்லை, ஜன்னல் வெளிச்சமாக இருக்கும். கடவுளே, சீக்கிரம் பாடி முடியேன்! பாதியில் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அப்பா கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி, பொறு என்றார்.

முடிந்ததும் பாய்ந்துபோய் மெஷினைப் போட்டாள்.

“கேட்டியா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டாவது அடிக்கு முன்னாடி... எச்சில் முழுங்குறா.”

“கேட்டேன்ப்பா,” என்று பொய் சொன்னாள்.

மத்தியானம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அப்பா போய்விட்டார்.

அண்ணன் அடித்துப் பிடித்து வந்தான். அழுது ஓய்ந்ததும் மெஷினைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான். “நடுவுல நிக்கவே இல்லையே?”

சின்னவள் குனிந்து மெஷின் குழாயைச் சுருட்டினாள். அந்த ஒரு பாட்டு நேரம்தான் காரணமா? டாக்டரிடம் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

“நிக்கலடா,” என்றாள் அம்மா, சமையலறை வாசலிலிருந்து. “காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

ஆக, அம்மாவுக்கும் தெரியாது. இனி இவளிடமும் ஆயுசுக்கும் மறைக்க வேண்டும்.

“அவனுக்குத் தண்ணி எடுத்துக் குடும்மா.”

ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. பாட்டிலில் சில்லிப்பே இல்லை. அப்பா பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் ஃபிரிட்ஜின் உறுமல்கூட ஆகாது. அம்மா வந்து அணைத்துவிடுவாள். கல்யாணமானதிலிருந்து அதுதான் பழக்கம். மெஷின் வந்த பிறகு அவள் ஃபிரிட்ஜ் சுவிட்சைத் தொட்டதே இல்லை. அந்த இரைச்சலுக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

அம்மா பின்னால் வந்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டிச் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டாள்.

“அதே தண்ணி போதும்,” என்றாள். “கொண்டுபோய்க் குடு.”